அரை பைசாவும் ஒரு பிடி கொசுறும்

மாமல்லபுரம்,
ஐப்பசி 5, செவ்வாய்க்கிழமை.

மகாகனம் பொருந்திய ஊரப்பாக்கம் மைத்துனர் திரு. அரவிந்தன் அவர்களுக்கு, சிவப்பிரகாசம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், தங்கள் அக்கா வச்சலா, இரண்டு மாதத்துக்கு முன் தாங்கள் என் பொறுப்பில் விட்டுச் சென்ற தங்கள் மகள் சுவேதா ஆகிய மூவரும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அவ்விடம் தாங்களும், தங்கை அவர்களும், மாடியில் புதிதாக வைத்த தண்ணீர்த் தொட்டியும் நலம்தானா என்று அறிய ஆவலாக இருக்கிறேன். இந்தக் காலத்தில் யார் தபாலில் கடிதம் போடுகிறார்கள் என்று தாங்கள் கேட்கலாம். போனில் நான் வாயைத் திறந்தாலே தாங்கள், "மாமா, சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்கு எதிர்வீட்டில் சிக்னல் இல்லை என்றால் செங்கல்பட்டு வண்டி எப்படி ஓடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

தாங்கள் என்னிடம் ஒப்படைத்த வேலையை முதலில் ஞாபகப்படுத்துகிறேன். படித்த பெண், பெரிய சாலையில் கண்ணாடிக் கட்டடத்தில் கை நிறையச் சம்பளம் வாங்கியவள், அரை பைசாவுக்காக வேலையை விட்டுவிட்டாள். கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதுகிற கம்பெனி அது. ஒவ்வொரு பில்லிலும் பைசாவுக்குக் கீழே வரும் துணுக்கைப் புரோகிராம் வெட்டிவிடுகிறது, வெட்டுவதெல்லாம் ஒரே பக்கமாகச் சேருகிறது, இது தப்பு என்று இவள் சொல்லியிருக்கிறாள். மேனேஜர் சிரித்துவிட்டு, "அரை பைசாவை யாரும்மா வந்து கேக்கப் போறாங்க?" என்றாராம். இவள் மூன்று மாதம் விடாமல் சொன்னாள், நாலாவது மாதம் ராஜினாமாவை நீட்டினாள். தாங்கள் அவளைப் பையும் பெட்டியுமாக இங்கே கொண்டுவந்து விட்டு, "மாமா, நீங்க முப்பத்து மூணு வருஷம் கண்டக்டரா இருந்தவரு. சில்லறைய எப்படி மறக்கறதுன்னு இவளுக்குச் சொல்லிக் குடுங்க. கூடுவாஞ்சேரிலருந்து பொண்ணு பாக்க வராங்க, அதுக்குள்ள இந்தப் பைத்தியம் தெளியணும்" என்றீர்கள். பெண் இன்னும் அதே வேலையில் இருப்பதாகவும் அந்த வீட்டாரிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். வரும் வெள்ளிக்கிழமை அவர்களை இங்கே அழைத்து வந்தால் கடற்கரைக் கோயில் பார்த்த மாதிரியும் ஆயிற்று, பெண் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று நேற்று தகவல் வந்தது. ஆகவே என் அறிக்கையை அதற்கு முன் சமர்ப்பிக்கிறேன். பைத்தியம் தெளியவில்லை. எனக்கும் பிடித்துவிட்டது.

எப்படி என்று விவரமாகச் சொல்லாவிட்டால் தாங்கள் நம்ப மாட்டீர்கள். வந்த நாளிலிருந்து அந்தப் பெண் சிரிக்கவே இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், தூங்கு என்றால் படுத்துக்கொள்வாள், நான் எந்த ஜோக் சொன்னாலும் "ம்" என்பாள். நான் வைத்தியத்தை ஆரம்பித்தேன். பஸ்ஸில் சில்லறைப் பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிப் பேர் இறங்குகிற அவசரத்தில் கேட்க மறந்துவிடுவார்கள், மறந்தது மறந்ததுதான், அதனால் எந்த வண்டியும் குடைசாய்ந்துவிடவில்லை என்று என் அனுபவத்தை எடுத்துச் சொன்னேன். அவள் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு ட்ரிப்புக்கு எத்தன பேரு மாமா மறப்பாங்க?" என்றாள். நாலைந்து பேர் என்று பெருமையாகச் சொன்னேன். "ஒரு நாளைக்கு எத்தன ட்ரிப்?" எட்டு என்றேன். "வருஷத்துக்கு எத்தன நாள் டூட்டி?" என்று கேட்டுவிட்டு அவள் லேப்டாப்பைத் திறந்தபோது எனக்குத் தயிர் வாங்க வேண்டியது ஞாபகம் வந்தது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு பாக்கெட் தயிர் இருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தாங்கள், தாங்கள் என்று எழுதி எனக்கு விரல் வலிக்கிறது. உன் கல்யாணத்தன்று உனக்கு வேட்டி இடுப்பில் நிற்காமல் என் பெல்ட்டைக் கழற்றிக் கட்டிவிட்டவன் நான், இனிமேல் நீ என்றே எழுதுகிறேன். உன் அக்கா நடத்துகிற மணி வியாபாரம் உனக்குத் தெரியும். சிற்பப் பட்டறைகளில் மிஞ்சுகிற மாக்கல் துண்டுகளை வாங்கி, அறுத்து, துளை போட்டு, அக்கம்பக்கத்து எட்டுப் பெண்களிடம் கொடுத்தால் அவர்கள் வீட்டிலேயே தேய்த்துக் கோத்துத் தருவார்கள். கூலி மணிக்குப் பன்னிரண்டரை பைசா. மணிக்கு என்றால் கடிகார மணி என்று நினைத்துப் பதறாதே, கோக்கிற மணி. நான் ஓய்வு பெற்ற இந்த மூன்று வருடமாகக் கூலி நோட்டு என் கையில்தான் இருக்கிறது. அதை லேப்டாப்பில் ஏற்றித் தருகிறேன் என்று சுவேதா வாங்கினாள். பெண் வழிக்கு வந்துவிட்டாள், வேலை செய்து மனதை மாற்றிக்கொள்கிறாள் என்று சந்தோஷப்பட்டு நானே நோட்டைத் துடைத்துக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அதுதான்.

இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். "மாமா, கூலி பன்னெண்டரைன்னு அத்தை சொன்னாங்க. இங்க பன்னெண்டுன்னு இருக்கே?" என்றாள். "அரை பைசாதானேம்மா, எழுத எடம் இல்ல, விட்டுட்டேன்" என்றேன். இடம் இருந்தது, பழக்க தோஷம் என்பதுதான் உண்மை. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஒருத்தி நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு மணி கோக்கிறாள், அரை அரை பைசாவாக ஆறு ரூபாய், வருடத்தில் முன்னூறு நாள் வேலை என்றால் ஆயிரத்து எண்ணூறு, மூன்று வருடத்துக்கு ஐயாயிரத்து நானூறு, எட்டுப் பேருக்கும் சேர்த்து நாற்பத்து மூவாயிரத்து இருநூறு ரூபாய் என்று பால் கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன். உன் அக்கா கையில் கரண்டியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அரை பைசா இவ்வளவு பெரிதாக வளரும் என்று யாருக்குத் தெரியும் மச்சான். பிறகு நானே முன்வந்து, என் பெயரில் இருந்த டெபாசிட்டை எடுத்து, எட்டுப் பேரையும் வரவழைத்துக் கொடுத்துவிட்டேன். அந்த எட்டுப் பேரில் மூத்தவள் கன்னியம்மா, மீன் ஏலம் எடுத்த குரல், வாசலில் நின்று பேசினால் ஐந்து ரதம் வரை கேட்கும். அவள் பணத்தை வாங்கிக்கொண்டு, "போன வருசமே கேட்டேன் அண்ணாத்த. அரை பைசா இன்னாத்துக்கு ஆவும்னு வெரட்டி வுட்ட. இப்ப பாரு, அடகுல கீற கம்மலு வூட்டுக்கு வருது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரூபாயை மட்டும் என் எதிரிலேயே இரண்டு தடவை எண்ணினாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

வெட்கம் இரண்டு நாளில் கோபமாக மாறியது. இவள் வந்து ஒரு வாரத்தில் டெபாசிட் போயிற்று, இன்னும் இரண்டு மாதம் இருந்தால் வீடு போகும் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் அவள் மணிகளை வெளிநாட்டுக்கு விற்க ஒரு வலைப்பக்கம் செய்து முடித்திருந்தாள். அதில் ஒரு மணியின் விலை ஒரு சென்ட்கூட இல்லை. சென்ட் என்பது டாலரில் நூறில் ஒரு பங்கு, அந்தச் சென்டிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது புள்ளி நாற்பத்து மூன்று சென்ட். அதை டாலரில் எழுதினால் 0.0043 என்று வரும். எனக்கு அது கண்ணைக் குத்தியது. டிக்கெட் விலையை இப்படிப் போட்டால் பயணி பயந்து இறங்கி நடந்தே போய்விடுவான். அவள் ஏற்றுமதிக் காகிதம் ஏதோ வாங்கச் செங்கல்பட்டுக்குப் போயிருந்த ஒரு வியாழக்கிழமை லேப்டாப் திறந்தே இருந்தது. புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் காட்ட வேண்டும் என்று ஒரு கட்டத்தில் கேட்டு, அதில் 4 என்று போட்டிருந்தது. இந்தப் பைத்தியத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. 4 ஐ அழித்துவிட்டு 2 போட்டேன், சேமித்தேன், மூடினேன், கைகால் கழுவிக்கொண்டு சாமி கும்பிட்டேன்.

சனிக்கிழமை காலை பார்த்தால் நூறு மெயில். நான் என்ன செய்தேன் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது. 0.0043 ஐ இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் 0.00 என்றுதான் காட்டும். ஊர் உலகத்துக்கெல்லாம் வச்சலாவின் மணி இலவசம் என்று நான் தண்டோரா போட்டிருக்கிறேன். மலேசியாவிலிருந்து ஒரு தமிழர் இது வேண்டுதலா, தபால் செலவாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். போலந்து தேசத்தில் மார்த்தா என்று ஒரு அம்மாள் மணிக்கடை வைத்திருக்கிறாராம், அவர் ஒரு சரத்துக்கு இருநூற்றைம்பது மணியாக நூற்று ஐம்பத்து மூன்று சரம், ஆக முப்பத்தெட்டாயிரத்து இருநூற்றைம்பது மணிக்கு ஆர்டர் போட்டுவிட்டார். இங்கேதான் வேடிக்கை. விலை 0.00 என்று காட்டிய அதே பக்கம் மொத்தத் தொகையை 164.48 டாலர் என்று காட்டியிருக்கிறது. சைபரை முப்பத்தெட்டாயிரத்து இருநூற்றைம்பதால் பெருக்கினால் உங்கள் ஊரில் நூற்று அறுபத்து நான்கு வருமா, அப்படியானால் அங்கே குடிவரத் தயாராக இருக்கிறேன் என்று அந்த அம்மாள் கேட்டிருந்தார். சுவேதா அதைத் தமிழில் படித்துச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்களா?" என்றாள். நான் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

அவள் திட்டியிருக்கலாம். உன் மகளாக மட்டும் இருந்திருந்தால் திட்டியிருப்பாள், உன் வாய் எனக்குத் தெரியாதா. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்து, "காட்டறது வேற, கணக்கு வேற மாமா. நீங்க காட்டறதத்தான் மாத்தினீங்க, கணக்கு உள்ள பத்திரமா இருக்கு" என்று விளக்கினாள். அப்போது அவள் சொன்ன ஒரு விஷயத்தைக் கேட்டு நான் அன்று மத்தியானம் தூங்கவில்லை. இந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, இவ்வளவு விலை போட்டு வாங்குகிறோமே, அதற்குப் புள்ளி ஒன்றையும் புள்ளி இரண்டையும் சரியாகக் கூட்டத் தெரியாது. நான் நம்பவில்லை. என் கண்ணெதிரே கூட்டிக் காட்டினாள். புள்ளி மூன்று, அதற்குப் பின்னால் பதினைந்து பூஜ்யம், கடைசியில் ஒரு நாலு வந்தது. நமக்குப் பத்தை மூன்றால் வகுத்தால் மூன்று மூன்றாக முடியாமல் போகிறதே, அதற்கு ஒன்றைப் பத்தால் வகுத்தாலே அப்படி ஆகிவிடுமாம். அதனால் அவள் புள்ளியையே உள்ளே விடவில்லை. ஒரு டாலரைப் பத்தாயிரம் பங்காக்கி, மணி ஒன்றுக்கு நாற்பத்து மூன்று பங்கு என்று முழு எண்ணாகவே வைத்திருக்கிறாள். எல்லாப் பெருக்கலும் கூட்டலும் முழு எண்ணில் முடிந்த பிறகு, கடைசியில் ஒரே ஒரு தடவைதான் கிட்டத்து முழு சென்டுக்குத் திருத்துவாள். "நடுவுல நடுவுல ரவுண்டு பண்ணா தப்பு சேந்துகிட்டே போகும் மாமா. கடைசி ஸ்டாப்பிங்ல ஒரு தடவ பண்ணினாப் போதும்" என்றாள்.

மச்சான், எனக்கு அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. என் காலத்தில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்துக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து மாமல்லபுரத்துக்கு ஒரு டிக்கெட் என்று இரண்டாகக் கிழித்தால் ஐம்பது பைசா கூடும், நேராக ஒரே டிக்கெட்டாகக் கிழித்தால் கூடாது. ஏன் என்று பயணிகள் என்னைக் கேட்டிருக்கிறார்கள், "மேல போயி கேளு" என்று சொல்லியிருக்கிறேன். முப்பத்து மூன்று வருடம் அதே வண்டியில் நின்றுகொண்டே போய்வந்த எனக்கு விளங்காதது, ஒரு நாளும் விசில் ஊதாத பெண்ணுக்கு விளங்கியிருக்கிறது. இரண்டு இடத்தில் ரவுண்டு பண்ணினார்கள், அவ்வளவுதான் விஷயம். இவள் மூளைக்கு அந்தக் கண்ணாடிக் கட்டடக்காரர்கள் கோயில் கட்டிக் கும்பிட்டிருக்க வேண்டும். நான் அவள் எதிரில் தலையை மட்டும் ஆட்டினேன். உன் அக்காவிடம் போய்ச் சொன்னேன், அவள் "இப்பத்தான் தெரிஞ்சுதா" என்று கேட்டுவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

கதை இன்னும் முடியவில்லை, சிக்னல் இல்லை என்று சொல்லாமல் படி. சுவேதா எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, மாமா கைவைத்துவிட்டார் என்று என் மானத்தையும் வாங்கி, உண்மை விலையை எழுதி அனுப்பினாள். இலவசம் இல்லை என்று தெரிந்ததும் மற்றவர்கள் போய்விட்டார்கள். மார்த்தா அம்மாள் மட்டும் பதில் போட்டார். விலை சம்மதம், ஆனால் நான் பெருக்கிப் பார்த்தேன், 164.475 வருகிறது, நீங்கள் 164.48 கேட்கிறீர்கள், என்னுடைய அரை சென்ட் எங்கே போயிற்று என்று கேட்டிருந்தார். இதைப் படித்ததும் சுவேதாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அரை பைசாவை யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று அந்த மேனேஜர் கேட்டாரே, நீயும் கேட்டாயே, நானும் கேட்டேனே. ஒருத்தி மாமல்லபுரத்தில் கேட்டாள், ஒருத்தி போலந்தில் கேட்டாள். உன் மகள் அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே அவர்களுக்காக வேலையை விட்டிருக்கிறாள்.

ஆனால் அரை சென்டை எந்த பாங்கும் வாங்காது, கொடுக்காது. என்ன செய்வது என்று வீட்டில் சபை கூடியது. மேலே ஏற்றியது ஏற்றியதுதான், பேசாமல் இருந்துவிடலாம் என்று நான் பழைய புத்தியில் சொன்னேன். விட்டுக்கொடுத்துவிட்டு 164.47 வாங்கிக்கொள்ளலாம் என்றாள் வச்சலா. சரிபாதியில் வந்து நின்றால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகவேண்டும், அப்போது ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே என்று காலப்போக்கில் யாருக்கும் நஷ்டம் வராது, 47 ஐ விட்டு 48 க்குப் போனது அந்த முறையில்தான் என்றாள் சுவேதா. நியாயமான ஏற்பாடு. "காலப்போக்குல சரியாவும், ஆனா இந்தம்மா வாங்கறது இந்த ஒரு தடவதானே மாமா, இவங்க அரை சென்ட் போனது போனதுதான்" என்று அவளே தலையில் கைவைத்துக்கொண்டாள். கோத்த சரங்களைக் கொடுக்க வந்த கன்னியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். "இன்னா, அந்தம்மாகிட்ட அரை காசு கூட வாங்கிகினீங்க, அவ்ளோதானே? ஒரு புடி கொசுறு போட்டு அனுப்பு. இதுக்கு இன்னாத்துக்கு மூணு பேரு குந்திகினு பேஜாரு பண்றீங்க?" என்றாள்.

சுவேதா கன்னியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமல் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். இரண்டு மாதத்தில் இந்த வீட்டில் அந்தச் சத்தம் அதுதான் முதல் தடவை. உன் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று பார்த்தாள். கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை போடுகிறார்கள், மீன் வாங்கினால் நாலு நெத்திலி தள்ளிவிடுகிறார்கள், எந்தப் புத்தகத்தில் படித்தார்கள். மேலே திருத்தி வாங்கிய துணுக்குக்கு எத்தனை மணி ஈடு என்று சுவேதா கணக்குப் பார்த்து, அரை சென்டுக்கு ஒன்றே சொச்சம் வருகிறது, அதையும் மேலே ஏற்றி இரண்டு மணி என்று புரோகிராமிலேயே எழுதிவிட்டாள். இப்போது எங்கள் பில்லில் கடைசி வரி கொசுறு, 2 மணி, விலை 0.00 என்று அச்சாகிறது. நான் செய்தபோது தப்பாக இருந்த அதே பூஜ்யம் இங்கே சரியாக வந்து உட்கார்ந்துவிட்டது. பார்சல் கட்டும்போது கன்னியம்மா அதற்கும் சண்டைக்கு வந்தாள். "ரெண்டு மணி போட்டா கொசுறா அது? பிச்சை போட்ட மாரி கீது" என்று சொல்லி ஒரு பிடி அள்ளிப் போட்டாள். அவள் கை பெரியது. வச்சலா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் மார்த்தா அம்மாளிடமிருந்து மெயில் வந்தது. இப்படிப்பட்ட நேர்மையை என் ஆயுளில் கண்டதில்லை, உங்கள் மருமகள் ஒரு மாணிக்கம், இனி என் கடைக்கு மணி என்றால் மாமல்லபுரம்தான் என்று உருக்கமாக எழுதியிருந்தார். இன்றைக்கு மாமல்லபுரமே சுவேதாவைப் பற்றித்தான் பேசுகிறது. லாபம் லட்சத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் கொடுத்ததை இவள் இங்கே சுண்டுவிரலில் சம்பாதிக்கிறாள். ஆகையால் மச்சான், வெள்ளிக்கிழமை யாரையும் அழைத்துக்கொண்டு வராதே. வேலையில் இருப்பதாகப் பொய் சொல்லி, பஜ்ஜி சொஜ்ஜி கொடுத்து, அரை பைசாவுக்குக் கூடப் பொய் சொல்லாத பெண்ணை நடுவில் உட்கார வைத்தால் அவள் என்ன பேசுவாள் என்று உனக்கே தெரியும், அதற்குப் பிறகு நீ கூடுவாஞ்சேரி வழியாக ரயிலில் போக முடியாது. மீறி வந்தால் நான் வாசலில் நின்று, இடம் இல்லை, அடுத்த வண்டியில் வாருங்கள் என்று சொல்லிவிடுவேன், முப்பத்து மூன்று வருடம் சொன்ன வாய் இது. பைத்தியம் தெளிந்ததும் அனுப்புங்கள் என்றாய். எனக்குத் தெளியும் வரையிலாவது அவள் இங்கே இருக்கட்டும்.

தங்கை அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் வீட்டுப் பால் திரியாமல், தொட்டித் தண்ணீர் வழியாமல், உன் ரத்த அழுத்தம் மேலே ஏறாமல், எல்லாம் முழு எண்ணாக விளங்க வேண்டும் என்று தலசயனப் பெருமாளை வேண்டிக்கொள்ளும்,

உன் அக்கா புருஷன்,
சிவப்பிரகாசம்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சுவேதாவிடம்தான் கொடுக்கப் போகிறேன். அவளைப் புகழ்ந்திருப்பது அவளுக்குத் தெரியக் கூடாது, தலைக்கனம் வந்துவிடும். பசையை இரண்டு பூச்சுப் பூசி ஒட்டப் போகிறேன், படிக்க வழியே இல்லை.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: அப்பா, பசை ஒட்டவில்லை. உள்ளே எண்கள் தெரிந்ததால் சரிபார்த்தேன். பெருக்கல் எல்லாம் சரியாக இருக்கிறது, மற்றதெல்லாம் மாமா ரவுண்டு பண்ணியிருக்கிறார். நூறு மெயில் வரவில்லை, பதினேழு வந்தது. மார்த்தா எழுதியது, "வந்தது, நன்றி, கொசுறு என்றால் என்ன?" என்று மட்டும்தான், மாணிக்கம் எல்லாம் மாமா போட்ட கொசுறு. மாமல்லபுரம் பேசவில்லை, கன்னியம்மா பேசுகிறார், தூரத்திலிருந்து கேட்டால் ஊரே பேசுவது போலத்தான் இருக்கும். லட்சமும் இல்லை. அந்த ஒரு ஆர்டரில் கல், அறுப்பு, கூலி எல்லாம் போக 1,912 ரூபாய் 75 பைசா மிஞ்சியது, அதில் துளை போடும் ஊசி வாங்கிவிட்டோம். கூலிப் பாக்கியை மாமா தானே முன்வந்து கொடுக்கவில்லை, அத்தை இரண்டு நாள் காபி தரவில்லை. ஆனால் கொடுக்கும்போது கன்னியம்மா எதிரில் அவர் அழுதுவிட்டார், அதை எழுதவே இல்லை. அது ஒன்றைத்தான் குறைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை வாருங்கள் அப்பா. வருவதற்கு முன் கூடுவாஞ்சேரிக்கு ஒரு போன் செய்து, நான் வேலையை விட்டுவிட்டேன், எதற்காக விட்டேன், இப்போது என் சம்பளம் 0.00 என்று சொல்லிவிடுங்கள். அது காட்டுவதற்காகச் சுருக்கிய பூஜ்யம் இல்லை, உள்ளேயும் அதுதான் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகும் அவர்கள் வருவதாகச் சொன்னால் வரட்டும், நானே பேசுகிறேன், மாமாவை வாசலிலிருந்து நகர்த்துவது என் பொறுப்பு. வராவிட்டால் நீங்கள் மட்டும் வாருங்கள், அத்தை உங்களுக்கும் சேர்த்துத்தான் மீன் வாங்குகிறார். நான் சிரித்தேன் என்று மாமா எழுதியிருக்கிறாரே, அதில் மட்டும் திருத்த ஒன்றும் இல்லை.